தலையணையிலிருந்து பார்த்தால்

நான் திரைச்சீலை தைக்கிறவள். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் ஆளைப் பார்ப்பதற்கு முன் ஜன்னலைத்தான் பார்ப்பேன். யார் எதை மறைக்க ஆசைப்படுகிறார்கள் என்பது அளவு எடுக்கும்போதே தெரிந்துவிடும். பக்கத்து வீட்டுக் காரைப் பார்த்து வயிறு எரிகிறவர்கள் கெட்டித் துணி கேட்பார்கள். தங்கள் புது சோபாவை ஊரே பார்க்க வேண்டும் என்கிறவர்கள் வலைத்துணி போதும் என்பார்கள். என் வீட்டுக்காரர் கம்பி அடிப்பார், நான் துணி தைத்து மாட்டுவேன். எங்கள் பிழைப்பு இதில்தான் ஓடுகிறது.

என் அக்கா பிஸ்கட் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவள். ஓரம் கருகியது, நடுவில் வெடித்தது, எழுத்து சரியாக விழாதது என்று நாள் முழுக்க ஒதுக்கி ஒதுக்கி, அவள் கண்ணுக்கு இப்போது உலகத்தில் குறை மட்டும்தான் தெரியும். என் கல்யாணத்தின்போது மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கு" என்றாள். அவர் பாவம், அன்றிலிருந்து அக்கா வந்தால் சுவரோரமாக வலது தோளைச் சாய்த்துக்கொண்டுதான் நிற்கிறார்.

விடுமுறை வந்தால் எங்கள் இருவருக்கும் கடல் வேண்டும். ஆனால் ஒரே கடலில் இருவரும் கால் நனைக்க மாட்டோம். அக்காவுக்கு ஓர் ஊர், எனக்கு ஓர் ஊர். அக்கா ஊரில் கரை, கோடு போட்டதுபோல் நேராகப் போகும். வரிசையாக உயரமான ஹோட்டல்கள். தலை வாருவதுபோல் மணலைக்கூடத் தினமும் காலையில் வாரிவிடுவார்கள். என் ஊர் சின்னது. படகுத்துறை, பாறை, ஐஸ் தயாரிக்கிற கூடம், நெளிந்து நெளிந்து போகும் சந்துகள். அங்கே கடலை முழுசாகப் பார்க்க முடியாது. இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரு துண்டு, சந்து முனையில் ஒரு துண்டு என்று பார்த்துப் பார்த்து நாமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

ஊருக்குப் போய்ப் பெட்டியை இறக்கியவுடன், முகம் கழுவுவதற்கும் முன்னால், ஜன்னல் வழியாகத் தெரிவதைப் படம் பிடித்துக் குடும்பத்துக்கு அனுப்ப வேண்டும். இது எங்கள் வீட்டு வழக்கம். ஒரு முறை அத்தான் குளியலறை முக்காலி மேல் ஏறி நின்று, காற்றுப்போக்கி வழியாகக் கையை வெளியே நீட்டிப் படம் பிடித்து அனுப்பிவிட்டார். படத்தின் ஓரத்தில் பல் தேய்க்கும் பிரஷ் விழுந்திருந்ததால் மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் தலையணைச் சட்டம் வந்தது. தலை தலையணையில் இருக்க வேண்டும், போன் மூக்குக்கு மேலே இருக்க வேண்டும், கட்டிலை நகர்த்தக் கூடாது. படுத்தபடி என்ன தெரிகிறதோ அதற்கு மட்டும்தான் மதிப்பெண்.

மதிப்பெண் போடுகிறவள் அக்கா. அவளே போட்டியாளர், அவளே பரீட்சை அதிகாரி. கேட்டால், "எனக்கும் நான் குறைச்சுத்தான் போட்டுக்கறேன்" என்பாள். கடைசித் தீர்ப்பு மட்டும் அப்பாவுடையது. அப்பா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் கழுவும் இருட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு சிவப்பு பல்பு, நான்கு சுவர், தொட்டியில் மருந்துத் தண்ணீர். ஜன்னல் என்று ஒன்று அங்கே இருந்தால் வேலையே கெட்டுவிடும். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. நாங்கள் அனுப்பும் படத்தை டியூப் லைட்டுக்கு நேராகப் போனைத் தூக்கிப் பிடித்துத்தான் பார்ப்பார். பார்த்துவிட்டு, "முறிவு ஒண்ணும் இல்ல" என்பார். அதுதான் அவருடைய தீர்ப்பு. எந்தப் பக்கம் என்று யாருக்கும் விளங்காது.

இந்த வருடம் அப்பா விளங்கும்படியாகவே பேசினார். முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. அவர் தனியாக இருக்கும் வீடு மேல்மாடியில். லிஃப்ட் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"கடலோரமா ஒரு அறை பாருங்க. மாடி வேண்டாம். வேலை பார்த்த காலமெல்லாம் சுவத்தைத்தான் பார்த்தேன். மிச்ச காலத்தை ஜன்னல் பக்கத்துல உக்காந்து கழிக்கணும்."

"எந்த ஊர்ல?" என்றாள் அக்கா, கேட்கும்போதே ஜெயித்த முகத்தோடு.

"ரெண்டு ஊர்லயும் ஒரு வாரம் இருந்து பார்க்கறேன். அப்புறம் சொல்றேன்."

எனக்கு அன்றே கவலை பிடித்துக்கொண்டது. அக்கா ஊர், அக்கா வீட்டுக்குப் பக்கத்தில். அங்கே போய்விட்டால் அப்பாவை நான் வருடத்துக்கு இரண்டு முறை பார்த்தால் அதிகம். அதுவும் அக்கா கதவைத் திறந்துவிட்டு, "செருப்பை அங்க விடு" என்று சொல்லி, அப்பா எப்படி இருக்கிறார் என்பதை அப்பாவுக்குப் பதிலாக அவளே சொல்லுவாள். என் ஊர் என் கடையிலிருந்து ஒரு ரயில் தூரம். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுப் போய் அவரோடு டீ குடித்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பலாம். அம்மா போன பிறகு அப்பா கொஞ்ச காலம் அக்கா வீட்டில்தான் போய் இருந்தார். "பெரியவகிட்ட இருந்துட்டு வரேன்" என்றார். என்னிடம் வருகிறேன் என்று அவர் வாயால் ஒரு முறையாவது கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கடலும் வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம். அவர் என் ஊரைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அக்கா ஊர் வாரம் முதலில் வந்தது. ஹோட்டலில் உச்சி மாடி, லிஃப்ட், சுவர் முழுக்கக் கண்ணாடி. தலையணையிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்ததும் எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கடல். ஒரு கறை கிடையாது. அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"எப்படிப்பா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. வெளிச்சம்தான் கொஞ்சம் ஜாஸ்தி. எலும்பே தெரியல."

"அப்படின்னா?"

"ஒண்ணுமில்லம்மா. கீழ ஒரு ஜூஸ் வண்டிக்காரன் நின்னான். பழத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டுப் பிடிப்பான், வேடிக்கையா இருக்கும். நேத்துலேர்ந்து ஆளைக் காணோம்."

பிறகுதான் விஷயம் தெரிந்தது. முதலில் எடுத்த படத்தின் கீழ் மூலையில் வண்டியின் குடை விழுகிறது என்று அக்கா ஹோட்டல் மேனேஜரைப் பிடித்து, அந்த வண்டியைத் தெருக்கோடிக்குத் துரத்திவிட்டு, மறுபடி எடுத்த படத்தைத்தான் அனுப்பியிருக்கிறாள். என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். சிரித்துவிட்டு நான் செய்தது அதைவிட மோசம்.

என் ஊரில் நாங்கள் வழக்கமாகத் தங்கும் விடுதி, மாடியும் கீழுமாகச் சில அறைகள் கொண்ட பழைய வீடு. விடுதிக்காரம்மாவுக்கு அப்பா வயது இருக்கும். வீட்டுக்காரர் போன பிறகு ஒண்டியாளாக நடத்துகிறார். கீழே ஒரே ஓர் அறைதான். மாடி ஏற முடியாத அப்பாவுக்கு அதை விட்டால் வேறு வழியில்லை. அந்த அறையில் ஜன்னல் அகலமாக இருக்கும். தலையணையிலிருந்து பார்த்தால் இடது பாதியில், படகுக் கொட்டகைக்கும் மதிலுக்கும் நடுவில் கடல், அழகான ஒரு துண்டு. வலது பாதியில் விடுதியின் பின்முற்றம். கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, துணி துவைக்கும் கல், கொடி கொடியாகத் தொங்கும் படுக்கை விரிப்புகள். ஒவ்வொரு வருடமும் அக்கா, "கடலுக்கு ஆறு, தொட்டிக்கு மைனஸ் மூணு" என்று போடுவாள். என் உயிரை வாங்கியது அந்தத் தொட்டிதான்.

அப்பா வருவதற்கு முந்தைய நாளே நானும் வீட்டுக்காரரும் போய்விட்டோம். கடையிலேயே இருப்பதில் நல்ல துணியாகப் பார்த்து, நீல நிறத்தில், வெயில் புகாத உள்துணி வைத்துத் தைத்து எடுத்துப் போயிருந்தேன். இடதுபக்கத் திரை தொட்டால் வழுக்கிக்கொண்டு திறக்கும். வலதுபக்கத் திரை திறக்கவே திறக்காது. அதன் வளையங்களை நூலால் கம்பியோடு சேர்த்துக் கட்டினேன். ஜன்னல் கட்டையில் வீட்டுக்காரர் ஒரு நாடாவை ஆணியடித்துக் கொடுத்தார். திரையின் கீழ் ஓரத்தை அந்த நாடாவோடு சேர்த்து நெருக்கமாகத் தைத்துவிட்டேன். தலையணையில் படுத்துப் பார்த்தேன். தொட்டி இல்லை, கொடி இல்லை. கடல் மட்டும்.

விடுதிக்காரம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜன்னலை ஏம்மா தைக்கிறே?"

"அப்பாவுக்கு அந்தப் பக்க வெயில் ஒத்துக்காதுங்க."

"அந்தப் பக்கம் வெயிலே வராதே."

நான் ஊசியில் நூல் கோப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உன் இஷ்டம். போகும்போது ஆணி ஓட்டையை அடைச்சுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுத் துவைத்த விரிப்புகளோடு பின்பக்கம் போனார்.

மறுநாள் அப்பா வந்தார். ஒரு கை கோலில், மறு கை அக்காவின் தோளில். அக்கா பார்வையாளராக வந்திருந்தாள். அவளுக்கும் எங்களுக்கும் மாடியில் அறைகள். அப்பாவைப் படுக்க வைத்துப் படம் பிடிக்கச் சொன்னோம். அக்கா படத்தைப் பார்த்தாள், பிறகு ஜன்னலைப் பார்த்தாள்.

"பாதிதானே தொறந்திருக்கு?"

"அந்தப் பக்கம் கண் கூசும்க்கா."

"துணி புதுசா இருக்கே?"

"விடுதிக்காரம்மா ஆர்டர் கொடுத்தாங்க" என்று ஒரே போடாகப் போட்டேன். அப்பா டியூப் லைட்டைத் தேடினார். அறையில் குண்டு பல்புதான் இருந்தது. அதற்கு நேராகப் போனைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பாதிப் படம்தான் விழுந்திருக்கு" என்றார்.

அடுத்த நாள் காலை டீயோடு அறைக்குள் நுழைந்தேன். வலதுபக்கத் திரை, இழுத்தால் வந்துவிடும்போல் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அப்பா குளியலறையில் இருந்தார். குனிந்து பார்த்தால், நாடாவில் என் தையல் ஒன்றுகூட இல்லை. வளையங்களில் கட்டிய நூலும் இல்லை. எனக்குக் காதில் புகை வந்தது. கதவைச் சாத்திவிட்டு, கைப்பையில் எப்போதும் இருக்கும் ஊசியை எடுத்து, அவர் வெளியே வருவதற்குள் மறுபடி தைத்து முடித்தேன். இந்த முறை நைலான் நூல்.

அன்று சாயங்காலம் பார்த்தால் அதுவும் போயிருந்தது. தாறுமாறாக அறுத்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. ஒவ்வொரு முடிச்சையும் கழுத்தோடு வெட்டி, துணியில் ஒரு கீறல் விழாமல், வெட்டிய நூலையெல்லாம் கட்டையின் மூலையில் சின்னக் குவியலாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஒதுக்குகிற கை யாருடையது என்று எனக்குத் தெரியாதா? ரெட்டை நூலால் மூன்றாவது முறை தைத்துவிட்டு மாடிக்கு ஏறினேன். நடைபாதையில் அக்காவை மறித்தேன்.

"கத்திரி எங்க?"

"எந்தக் கத்திரி?"

"உன் கைப்பையில இருக்குமே, பிஸ்கட் பாக்கெட் வெட்றது."

"அது ஆபீஸ் கத்திரி. அதுக்கென்ன இப்ப?"

"அதை வச்சு என் தையலைப் பிரிக்கறே."

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். கோபம் வந்தால் அப்படித்தான் செய்வாள்.

"நான் எதுக்குடி பிரிக்கணும்? அந்தத் துணிக்குப் பின்னாடி தொட்டி இருக்கறது எனக்குத் தெரியாதா? வருஷா வருஷம் பார்க்கறேன். வந்த அன்னிக்கே மைனஸ் போட்டாச்சு. திரை கோணலா தொங்கறதுக்கும் சேர்த்து."

"என் திரை கோணலா?"

"இடது பக்கம் அரை விரல் இறக்கம். உன் வீட்டுக்காரர் தோளு மாதிரி."

அந்தச் சமயம் பார்த்து என் வீட்டுக்காரர் டவலோடு அறையிலிருந்து வெளியே வந்தார். வந்த வேகத்திலேயே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்குத் தொழிலில் இப்படி ஓர் அடி விழுந்ததே இல்லை. ஆனால் அக்காவிடம் ஒரு நல்ல குணம் உண்டு, பொய் சொல்ல மாட்டாள். உண்மையே போதுமான அளவுக்கு வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள் செய்யவில்லை என்றால் வேறு யார்? வீட்டுக்காரரா என்று ஒரு நிமிடம் சந்தேகப்பட்டேன். ஆணியடித்த மனிதர் நூலை அறுப்பானேன்? அக்காவுக்கும் இப்போது மூக்கு வேர்த்துவிட்டது. குறை கண்டுபிடிக்கிற இடத்தில் அவள் கண்ணுக்குத் தப்பி ஒருவர் கை வைத்திருக்கிறார் என்றால் அவளால் பொறுத்துக்கொள்ள முடியாது.

"நாளைக்கு மத்தியானம் காவல் இருப்போம்" என்றாள். "சாப்பிட்டு எல்லாரும் படுத்த பிறகுதான் வேலை நடக்கும்."

சிறு வயதில் பக்கத்து வீட்டுப் பூனை எங்கே குட்டி போட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க இரண்டு பேரும் சேர்ந்து ஒளிந்திருந்தோம். அதற்குப் பிறகு ஒரு காரியத்தில் நாங்கள் ஒரே பக்கம் நின்றது அந்த மத்தியானம்தான். அப்பாவின் அறைக் கதவை அக்கா ஒரு விரல் அளவு திறந்து வைத்தாள். வெளியே நான் கீழே உட்கார்ந்தேன், அவள் என் தலைக்கு மேல் குனிந்து நின்றாள். அவள் மூச்சு என் உச்சந்தலையில் பட்டது. கண்கொத்திப் பாம்புகளாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்பா கட்டிலில் படுத்திருந்தார். கொஞ்ச நேரம் கடல் பக்கம் பார்த்தார், கொட்டாவி விட்டார். பிறகு எழுந்து உட்கார்ந்தார். சவரப் பெட்டியைத் திறந்து, எக்ஸ்ரே படத்தின் மூலைகளை வெட்ட ஆஸ்பத்திரியில் வைத்திருந்த சின்ன வளைகத்திரியை எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஜன்னல் கட்டையில் குனிந்து, என் ரெட்டை நூல் தையலை ஒவ்வொன்றாக வெட்ட ஆரம்பித்தார். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து வளையங்களில் கட்டியிருந்த நூலையும் அறுத்தார். திரையை ஒதுக்கிவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

வெளியிலிருந்து விடுதிக்காரம்மாவின் குரல் வந்தது.

"இன்னிக்கு லேட்டு."

"ரெட்டை நூல் போட்டிருக்கா. கெட்டியா இருந்துச்சு."

"உங்க பொண்ணு கை நல்ல கை. நான் தைச்சா ரெண்டு நாள் தாங்காது."

"கெட்டிக்காரி. எதை மறைக்கணும்னுதான் தெரியல."

என் தலைக்கு மேல் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் சாத்தியிருந்த கோலை எடுக்கவில்லை. அறையின் பின்கதவைத் திறந்து, வாசல் படியிலிருந்து முற்றத்துக்கு இறங்கினார். காலையில் வராந்தாவுக்கு வரவே என் தோளையும் அக்காவின் தோளையும் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று முனகிய மனிதர்.

அவர் இறங்கியதும் நாங்கள் இரண்டு பேரும் அறைக்குள் புகுந்து ஜன்னலண்டை போனோம். அப்பா பிரித்த திரையின் பின்னாலேயே ஒளிந்துகொண்டோம். மறைக்கத் தைத்த துணி கடைசியில் எங்களைத்தான் மறைத்தது.

முற்றத்தில் காய்ந்த விரிப்புகளை விடுதிக்காரம்மா கொடியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். பெரிய கட்டிலுக்குப் போடும் இரட்டை விரிப்பு. ஒரு ஆளால் அதை மடிக்க முடியாது, தரையில் புரளும். ஒரு பக்கத்து முனைகளை அவர் பிடித்துக்கொண்டார், மறு பக்கத்து முனைகளை அப்பா பிடித்தார். இருவரும் பின்னால் நகர்ந்து இழுத்து ஓர் உதறு உதறினார்கள். பிறகு அப்பா தன் முனைகளைத் தூக்கிப் பிடித்தபடி அவரை நோக்கி நடந்து போனார். கையோடு கை சேர்த்து முனைகளைக் கொடுத்துவிட்டு, குனிந்து நடுமடிப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி பின்னால் வந்தார். மறுபடி போனார். துணி சின்னதாகச் சின்னதாக அவர் போய் வரும் தூரமும் குறைந்தது. கடைசி மடிப்பில் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தலையணை அகலம்தான் இருந்தது. அடுத்த விரிப்பை எடுத்தார்கள்.

"கை எப்படி இருக்கு?" என்று அப்பா கேட்டார். அப்போதுதான் நான் அந்த அம்மாவின் இடது மணிக்கட்டைக் கவனித்தேன். எப்போதோ முறிந்து கோணலாகச் சேர்ந்திருந்தது. வருடா வருடம் அவர் கையால் டீ வாங்கிக் குடித்த என் கண்ணில் அது பட்டதே இல்லை.

"மழை வந்தா வலிக்கும்."

"சேர்த்தவன் சரியா சேர்க்கல."

"நீங்க படம் எடுத்திருந்தா சரியா சேர்ந்திருக்குமோ?"

"எடுக்கறது வேற ஆளு. நான் கழுவறவன்."

"நானும் கழுவறவதான்" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அப்பா சிரித்து நான் பார்த்திருக்கிறேன், ஆனால் அது ஒரு மூச்சை வெளியே விடுவதோடு சரி. இது சத்தம் போட்ட சிரிப்பு.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கோபத்தில் துடைப்பதுபோல் இல்லை.

"அம்மாகூட இப்படி மடிச்சிருக்காரா?" என்று கேட்டாள்.

"அம்மா தனியாத்தான் மடிப்பா. ஒரு முனையைத் தாடைக்குக் கீழ இடுக்கிக்குவா. அப்பா டியூட்டில இருப்பார்."

சொல்லி முடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவுக்காகக் கொஞ்சம், அந்த இருட்டறைக்காகக் கொஞ்சம். எனக்காகவும்தான், மறைக்க என்ன இருக்கிறது? அக்கா தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். துடைத்துவிட்டு, "மூக்கும் ஒழுகுது" என்று குறையும் சொன்னாள்.

வாரத்தின் கடைசி நாள் சாயங்காலம் அப்பா எங்களை வராந்தாவில் உட்கார வைத்தார். என் வீட்டுக்காரர் தூணோரமாக வலது தோளைச் சாய்த்து நின்றார். விடுதிக்காரம்மா டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். சமையல்கட்டில் சத்தமே இல்லை. கேட்டுக்கொண்டிருந்தார் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

"ரெண்டு ஊரையும் பார்த்தாச்சு" என்றார் அப்பா. "பெரியவளே, உன் ஊர் ரொம்ப நல்லா இருக்கு. ஒரு வாரம் பார்த்தேன், ஏழு நாளும் அதே கடல். இருந்த ஒரு ஆளையும் நீ துரத்திட்டே."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் இங்கயே இருக்கறேன். இந்த அறையிலயே."

எத்தனை நாளாகக் காத்திருந்த வார்த்தை. துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் குதிக்கத் தோன்றவில்லை. அவர் என் ஊரைச் சொன்னார், ஆனால் என்னிடம் வருகிறேன் என்று சொல்லவில்லையே. அதை அப்படியே கேட்டும்விட்டேன். வாயை அடக்கிவைக்க எனக்குத் தெரியாது.

"எனக்காகன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாப்பா?"

அப்பா என்னைப் பார்த்தார். டியூப் லைட்டுக்கு நேராகப் படத்தைப் பிடித்துப் பார்ப்பதுபோல், தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துப் பார்த்தார்.

"உன்னாலதாம்மா. திரை தொறந்து கிடந்திருந்தா வந்த முதல் நாளே அந்தப் பக்கம் பார்த்திருப்பேன். தொட்டி, கொடி, துணின்னு நினைச்சுட்டுக் கடல் பக்கம் திரும்பிப் படுத்திருப்பேன். நீ ஆணியடிச்சு, நாடா வச்சுத் தைச்சு வச்சிருந்தே. அப்படி என்னதான் இருக்குன்னு பார்க்க வேண்டாமா?"

அக்கா முதலில் சிரித்தாள். பிறகு என் வீட்டுக்காரர். சமையல்கட்டுக்குள் ஒரு தட்டு நழுவி விழுந்தது. நானும் சிரித்துவிட்டேன், வேறென்ன செய்வது? என் வாழ்நாளில் நான் தைத்ததிலேயே பிரமாதமாக வேலை செய்த திரை அதுதான்.

"இன்னொரு உதவி" என்றார் அப்பா. "கடல் பக்கம் காலையில வெளிச்சம் கண்ணைக் குத்துது. அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் தைச்சு மூடிடறியா?"

மறுநாள் கிளம்புவதற்கு முன் அதையும் செய்தேன். வீட்டுக்காரர் வலப்பக்க நாடாவைப் பிடுங்கி, ஆணி ஓட்டைகளை அடைத்து, இடப்பக்கம் அடித்துக் கொடுத்தார். அக்கா நாடாவின் முனையைப் பிடித்துக்கொண்டு, "இறக்கம் பார்த்து, இறக்கம் பார்த்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கடலை முழுசாகத் தைத்து மூடினேன். ரெட்டை நூல், நெருக்கமான தையல். ரயில் நிலையத்துக்குக் கிளம்பும்போது, "வியாழக்கிழமை வருவியா?" என்று அப்பா கேட்டார். "கடையைச் சீக்கிரம் சாத்திட்டு வா. அன்னிக்கு விரிப்பு நிறைய இருக்கும்."

ரயில் நகர்ந்ததும் குடும்பக் குழுவில் அப்பாவின் படம் வந்தது. தலையணையிலிருந்து எடுத்தது, சட்டப்படி செல்லும். பாதிக்குமேல் கறுப்புத் தொட்டி. மிச்சத்தில் ஒரு வெள்ளை விரிப்பு, அதற்குக் கீழே ஒரு ஜோடிக் கால். கடல் பொட்டளவுகூட இல்லை. எதிர் இருக்கையில் அக்கா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள், சிறிதாக்கிப் பார்த்தாள், மூலை மூலையாகத் தேடினாள்.

பிறகு பத்துக்குப் பத்து போட்டாள்.